துணைக்குப் படுப்பவர்கள்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உள்ள டம்ளர்கள் பிற்பகலில் ஒருமுறை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். முதலில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சங்கு ஊதும். அதன்பின் ஓர் இடைவெளி. பிறகு வெடி. அதைக் காது கேட்பதற்குள் உள்ளங்கால் உணர்ந்துவிடும். டம்ளர்கள் சிலிர்த்து அடங்கும். அரியலூரில் இதை எவரும் பொருட்படுத்துவதில்லை. வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் திடுக்கிட்டு எழுந்தால்தான், அப்படியொன்று நிகழ்ந்தது எங்களுக்கே நினைவுக்கு வரும்.

நான் நிலவியல் கற்பித்தவன். இந்த நிலம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்று ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களிடம் சொல்வேன். கிணறு தோண்டிய இடத்திலும் ஓடைக் கரையிலும் கிடைத்த கிளிஞ்சல் பதிந்த கற்களை அவர்கள் காகிதத்தில் பொதிந்து கொண்டுவருவார்கள். என் மனைவிக்கு அந்தச் செய்தி பிடித்திருந்தது. மதியம் கூடத்தில் பாயை விரிக்கும்போது, "கடலுக்கு மேல பாய் போட்டுப் படுக்குறோம்னு சொல்லுங்க" என்பாள். படுத்த சில நொடிகளில் உறங்கிவிடுவாள். வெடியின்போது மட்டும் புரண்டு படுத்து, யாரிடம் என்று தெரியாமல் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடியும் மூழ்கிப்போவாள்.

என் குறட்டையைப் பற்றி அவளுக்கு ஒரு நிலையான புகார் இருந்தது. "மைன்ஸ்காரன் கூட சங்கு ஊதிட்டுத்தான் வெடி வெக்கிறான். நீங்க அதுகூடச் செய்யிறதில்ல." மகள் சிரிப்பாள். மணமாகிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து எங்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை அவள். ஆகையால் அந்த வீட்டில் ஓர் இளம்பெண்ணும் இரண்டு முதியவர்களும் இருந்தோம். மூன்று பேரும் நன்றாகத்தான் உறங்கினோம்.

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், நூலகத்திலிருந்து நான் வீடு திரும்பியபோது மகள் வாசற்கதவைச் சிறிதளவே திறந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வாங்கப்பா. அம்மா தூங்குறாங்க."

தேர்வுக்குப் படித்துக்கொண்டு அம்மாவின் பாய்க்கு அருகிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். தொலைக்காட்சியை அணைத்திருந்தாள். கைப்பேசியின் ஒலியைக் குறைத்திருந்தாள். கீரைக்காரரிடம் வாசலுக்கே போய்ச் சைகையில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சங்கு ஊதியது, வெடியும் வெடித்தது. அதற்கும் அம்மா புரண்டு படுக்காததைக் கண்டு, இன்றைக்கு அலுப்பில் நன்றாக உறங்குகிறார் என்று எண்ணியிருக்கிறாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே நடந்தேன்.

இதயம் நின்றுபோயிருந்தது. எந்த நேரத்தில் நின்றிருக்கக்கூடும் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அதை நான் மகளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. கேட்காத ஒன்றைச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் பகுதியில் இறப்பு நேர்ந்த வீட்டைத் தனியே உறங்க விடுவதில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை, தெருப் பெண்கள் இரவு உணவை முடித்துக்கொண்டு, தங்கள் தலையணையோடும் போர்வையோடும் வந்து கூடத்தில் படுப்பார்கள். துணைக்குப் படுப்பது என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டுக்கு ஐந்தாறு பேர் வந்தார்கள். அவர்களை முன்நின்று அழைத்து வந்தவர் எதிர்வீட்டுப் பெண்மணி. பகலில் கரும்பு வெட்டும் கூலியாட்களின் கொத்தோடு போய்விட்டு வந்து, இரவில் எங்கள் கூடத்தின் நடுவில் படுத்துக்கொண்டு, கொல்லைப்புறம் படுத்திருப்பவருக்கும் கேட்கிற குரலில் பேசுவார். வெற்றிலை இடிக்கும் ஓசை கேட்கும். யாரோ யாரையோ வைவார்கள். பிறகு குறட்டைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கும். அந்தக் குறட்டைகளுக்கு நடுவே, சுவரோரமாக, என் மகள் படுத்திருந்தாள்.

ஆறாம் நாள் காலையில் நான் அந்தப் பெண்மணியிடம் பேசினேன். மகளுக்குத் தேர்வு நெருங்குகிறது, அவளுக்கு உறக்கம் முக்கியம், இதுவரை செய்ததே பேருதவி என்று மிகுந்த கவனத்துடன் சொற்களைத் தேர்ந்துகொண்டேன்.

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "பதினாறு வரைக்கும் படுக்கணும் சார். அதான் மொற."

"தெரியும். ஆனால் பிள்ளை தூங்கணும்."

"நான் கொறட்டை விடுறேன்னு நேரா சொல்லிடுங்க சார். சுத்தி வளைக்காதீங்க. எங்க வூட்டுக்காரரு உசுரோட இருந்தப்பவே அதத்தான் சொல்லிட்டிருந்தாரு."

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு கூடம் காலியாக இருந்தது. நான் ஒரு கடமையை முடித்த நிறைவோடு விளக்கை அணைத்தேன்.

மகள் தேர்வை ஒருவாறு எழுதிவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி ஒரு மாதத்திற்குள் வகுப்பாசிரியை என்னை அழைத்தார். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"சார், பாப்பா கிளாஸ்ல தூங்குது. மொதல்ல கடைசி பெஞ்சுல தூங்குச்சு. சரின்னு முன்னாடி உக்கார வெச்சேன். இப்ப என் மூஞ்சிக்கு நேரா தூங்குது."

நான் வருத்தம் தெரிவித்தேன்.

"வீட்ல தூங்குறதே இல்லையாம் சார். கேட்டா லாரி சத்தம்ங்குது. உங்க தெரு அப்படித்தான, ராத்திரி பூரா டிப்பரு. இந்த வருசம் முக்கியம் சார். பேசாம பெரம்பலூர் பக்கம் ஒரு ஹாஸ்டல் பாருங்க."

விடுதி என்ற சொல்லை வழிநெடுக மென்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் எதற்காக விளக்கேற்றுவேன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் விடை தெரிந்திருக்கும். அவள் உறங்குவதற்குரிய வீடாக இதை மாற்றுவது என்று மட்டும் முடிவு செய்தேன்.

கற்றவனுக்குத் துயரம் வந்தால் அட்டவணை போடுவான். நானும் போட்டேன். ஒரு நோட்டில் கோடு இழுத்து, ஓசை, அது வரும் திசை, அதன் காரணம் என்று எழுதினேன். கல் ஏற்றிய லாரி உறுமிக்கொண்டு போகும். காலி லாரி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அதன் பின்கதவு இரும்பில் மோதி அலறும். கடவுப்பாதை அருகே ரயில் கூவும். எங்கள் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகும். சுவர்க்கடிகாரம் மணிக்கொருமுறை அடிக்கும். சன்னல் வழியே தெருவிளக்கின் வெண்மை, சிமெண்டுத் தூசியில் கரைந்து, பால் போல அவள் படுக்கையில் விழும்.

ஒவ்வொன்றாக ஒழித்தேன். மின்விசிறியை மாற்றினேன். கடிகாரத்தை நிறுத்தினேன். சன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டித் தடித்த திரை தொங்கவிட்டேன். மகளின் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். தெருவிளக்கைச் சற்றுத் திருப்பிவைக்கச் சொல்லி நகராட்சிக்கு மனு கொடுத்தேன். ஏணியோடு வந்த பணியாளர், "வெளிச்சம் வேணும்னுதான் சார் மனு வரும். இருட்டு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்று சொல்லி வியந்துகொண்டே திருப்பிவைத்தார். வேகத்தடையை அகற்றலாமா என்று தேநீர்க் கடையில் பேச்சுவாக்கில் கேட்டுப்பார்த்தேன். அங்கிருந்த ஒருவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எடுத்துட்டா புள்ளைங்க நல்லாத் தூங்கும் சார். மறுநாள் ரோட்ட தாண்டி ஸ்கூலுக்குப் போவணுமே." அதற்குப் பின் அதைப்பற்றி நான் பேசவில்லை.

கடைசியாக எஞ்சிய ஓசை நான்தான். மல்லாந்து படுத்தால்தான் எனக்குக் குறட்டை வரும். முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அணைவைத்து ஒருக்களித்துப் படுக்கக் கற்றுக்கொண்டேன். இருமல் வந்தால் போர்வைக்குள் இருமினேன். என் அறைக்கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டேன்.

இப்போது வீடு ஒரு குகைபோல் ஆயிற்று. கோடை கழிந்த இரவுகளில் அதற்குள் படுத்திருக்கையில், மேலே எங்கோ வெகுதொலைவில் அலை இருப்பதுபோலவும், நாங்கள் இருவரும் அடியில் கிளிஞ்சல்களோடு கிளிஞ்சலாகப் படிந்துகொண்டிருப்பதுபோலவும் தோன்றும். அது இனிமையாகக்கூட இருந்தது. ஒருநாள் காலையில், கண்ணின் கீழே கருமையோடு காப்பியை எடுத்துக்கொண்ட மகள் சொன்னாள்: "வீட்ட தெர்மாஸ் பிளாஸ்க் ஆக்கிட்டீங்கப்பா. உள்ள ஊத்துனது சூடு ஆறாம அப்படியே இருக்கு."

"தூக்கம் வந்ததா?"

"வரும்ப்பா."

வரவில்லை. முன்பைவிடக் குறைந்துவிட்டது. ஆசிரியை மறுபடியும் அழைத்தார்.

பாடாலூரில் இருக்கும் என் மைத்துனர், மனைவியின் தம்பி, தொலைபேசியில் செய்தியை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஹாஸ்டல் எதுக்கு? நம்ம வூடு இருக்கு. பெரம்பலூர் ஸ்கூலுக்கு வாசல்லயே பஸ்ஸு நிக்குது. பதினெட்டாம் பெருக்குக்குப் புள்ளைய கூட்டிட்டு வாங்க. ரெண்டு நாள் இருக்கட்டும். தூங்குச்சுன்னா இங்கயே இருந்துக்கட்டும்" என்றார்.

அது நேர்மையான சோதனையாக எனக்குப்பட்டது. ஒப்புக்கொண்டேன். மகளிடமும் சொன்னேன். அவள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல், பள்ளிப் புத்தகங்களையும் துணிப்பையில் அடுக்கினாள்.

மைத்துனரின் வீடு திருச்சி - சென்னை நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்கிறது. அந்தச் சாலை எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் பக்கவாட்டில் சின்ன வெங்காயத்தைச் சேமித்துவைக்கும் பட்டறை. வெங்காய வாசனையும் டீசல் வாசனையும் கலந்து கூடத்திலேயே குடியிருக்கும். எங்கள் தெருவின் ஒரு வாரத்து ஓசை அங்கே ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். என் அட்டவணை அந்த வீட்டின் முன் வெட்கப்பட்டிருக்கும். இந்த இரைச்சலை மைத்துனரிடம் குறிப்பிட்டேன்.

"லாரி போறதுல என்ன மாமா இருக்கு? நின்னாத்தான் இங்க முழிப்பு வரும். ஒருதடவ ஸ்ட்ரைக்கு. வூட்ல ஒரு பய தூங்கல. நாய்கூட எந்திரிச்சு உக்காந்து ரோட்டப் பாத்துட்டே இருந்துச்சு."

இரவு எல்லாருக்கும் கூடத்திலேயே வரிசையாகப் பாய். மைத்துனரின் பிள்ளைகள் மூவர், அவர்களுடைய அம்மா, என் மகள், அப்புறம் மைத்துனர், சுவரோரம் நான். அணைவைக்கத் தலையணை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மல்லாந்து படுத்தேன். உட்கூரையில் வண்டிகளின் விளக்கொளிகள் ஒன்றையடுத்து ஒன்றாக நீந்திப் போயின. வெகுகாலத்திற்குப் பிறகு, படித்துறையில் கால் வழுக்கியவன் போல, நான் எதிர்பாராமல் உறக்கத்துக்குள் விழுந்தேன்.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. எல்லாப் பாய்களும் சுருட்டப்பட்டிருந்தன, என்னுடையதையும் மகளுடையதையும் தவிர. அவள் வாய் சற்றே திறந்திருக்க, ஒரு கை பாய்க்கு வெளியே கிடக்க, தன் தாயைப் போலவே உறங்கிக்கொண்டிருந்தாள். அருகில் பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். மிக்சி ஓடியது. நான் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோதனையின் முடிவு தெளிவாக இருந்தது. அவள் இங்கே இருக்க வேண்டியவள்.

அவள் எழுந்து வந்து எங்களோடு இட்லிக்கு உட்கார்ந்தபோது, மைத்துனரின் மனைவி சட்னியை ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அண்ணே, தப்பா நெனக்காதீங்க. நேத்து நீங்க விட்ட கொறட்டையில ரோட்ல போன லாரிக்காரன் ஒதுங்கி வழி விட்டிருப்பான்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மகள் சிரித்துவிட்டாள். மாசிக்குப் பின் நான் கேட்ட முதல் சிரிப்பு. "அம்மா சங்கு ஊதச் சொல்வாங்க அத்தை" என்றாள். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

இரண்டாம் இரவும் அவ்வாறே கழிந்தது. "முடிவு பண்ணிடலாமா மாமா?" என்றார் மைத்துனர். பண்ணிவிடலாம் என்றேன். குரல் நடுங்காமல் சொன்னதாக நினைவு.

மறுநாள் நான் மட்டும் புறப்பட்டேன். வழியனுப்ப மகள் நெடுஞ்சாலை நிறுத்தம் வரை வந்தாள். வெயில் வெளுத்திருந்தது. வண்டிகள் காற்றை அறைந்துகொண்டு போயின. ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொன்னால்தான் அடுத்தவருக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்:

"அப்பா, நம்ம வீட்ல நீங்க ஏன் கொறட்டை விடுறதில்ல?"

"உன் தூக்கம் கெடக்கூடாதுன்னுதான்."

ஒரு லாரி ஒலியெழுப்பியது. "என்னப்பா?"

"உன் தூக்கம் கெடக்கூடாதுன்னு!" என்று கத்தினேன். வாழ்நாளில் ஒரு பொதுச்சாலையில் நான் குரலை உயர்த்தியது அதுவே முதன்முறை.

அவளும் கத்த வேண்டியிருந்தது. "கதவையும் சாத்திக்கிறீங்க. ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. ராத்திரி எந்திரிச்சு வந்து கதவுல காது வெச்சு நிப்பேன். அப்பவும் கேக்காது. தட்டுனா நீங்க முழிச்சிடுவீங்க. தட்டாட்டி…" நிறுத்தினாள். ஒரு பேருந்து நிற்காமல் போயிற்று. அது போனபின்பும் அவள் குரல் தாழவில்லை. "அன்னைக்கும் நான் சத்தமே போடலப்பா. தூங்குறாங்கன்னு நெனச்சு சத்தமே போடாம உக்காந்திருந்தேன்."

வேகத்தடை, தெருவிளக்கு, மின்விசிறி, கடிகாரம் என்று நான் எழுதிய அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் அந்தச் சாலையோரத்தில் மனத்துக்குள் அடித்தேன். லாரிகளைக் காரணமாக அவள் ஆசிரியையிடம் சொன்னது, வேறெதையும் சொல்ல முடியாததால். அந்த வீட்டில் அவளை உறங்கவைத்திருக்கக்கூடிய எல்லா ஓசைகளையும் ஒழித்தவன் நான். குறட்டைகளின் நடுவே அவள் ஐந்து இரவுகள் உறங்கியிருந்தாள். ஆறாம் நாள், மிகுந்த கவனத்துடன் சொற்களைத் தேர்ந்து, அவற்றையும் அனுப்பிவைத்தேன்.

கேட்காத ஒன்றைச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை என்று முன்பே எழுதினேன். அன்று சொன்னேன். டாக்டர் சொன்னது இது: அம்மா படுத்த சில நிமிடங்களிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நீ புத்தகத்தைத் திறந்தபோதே. நீ சத்தம் போட்டிருந்தாலும், எழுப்பியிருந்தாலும், நான் அங்கே இருந்திருந்தாலும் வேறொன்றும் நடந்திருக்காது. ஒரு வீட்டின் மிக அந்தரங்கமான செய்தியை, சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, துண்டு துண்டாகக் கூவிச் சொன்னேன்.

அவள் முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, "பைய எடுத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லி வீட்டை நோக்கி ஓடினாள்.

அதே நேரம் பெரம்பலூர்ப் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏறுங்க சார்."

"ரெண்டு பேர்."

"இன்னொரு ஆளு எங்க?"

"பை எடுக்கப் போயிருக்கு."

"இது என்ன சார், வாடகைக் காரா?" விசில் ஊதினார். பேருந்து போய்விட்டது. எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

அரியலூர் வந்த அன்றே ரப்பர் பட்டைகளை உரித்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். என் அறைக் கதவின் தாழ்ப்பாளைத் திருப்புளி கொண்டு கழற்றிவிட்டேன். மரத்தில் நான்கு ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. பிறகு எதிர்வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன்.

"பதினாறு வரைக்கும் படுக்கணும்னு சொன்னீங்க. இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கு" என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "அஞ்சாறு மாசம் கழிச்சுத் துணைக்கு ஆள் கூப்புடுற வூடு ஒலகத்துலயே இது ஒண்ணுதான் சார். நான் கொறட்டை விடுவேன், சொல்லிட்டேன்."

"நானும் விடுவேன்."

"தெரியும். முன்னல்லாம் எங்க வூடு வரைக்கும் கேக்கும். இப்பக் கொஞ்ச நாளா கேக்கலையேன்னு நானே நெனச்சேன்."

பத்து நாளும் தவறாமல் வந்து படுத்தார். பத்தாம் நாள் முடிந்தபின்னும் வந்தார். அவர் பேச்சு எங்கே முடிந்து குறட்டை எங்கே தொடங்குகிறது என்று என்னால் ஒருநாளும் கண்டறிய முடியவில்லை. அதற்கு முன்பே பின்னறையில் மகள் உறங்கியிருப்பாள்.

சென்ற சனிக்கிழமை பள்ளி அரைநாள்தான். வந்து சாப்பிட்டவள், கூடத்தில் அம்மாவின் பாயையே விரித்துப் படுத்துக்கொண்டாள். நான் நாற்காலியில் இருந்தேன். சங்கு ஊதியது. அதன்பின் வருகிற அந்த இடைவெளியில் என்னால் புத்தகத்தின் ஒரு வரியையும் தாண்ட முடியவில்லை. சன்னலில் வெண்தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கடலுக்கு அடியில் ஒளி அப்படித்தான் இறங்கும் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வெடித்தது. டம்ளர்கள் சிலிர்த்தன. மகள் புரண்டு படுத்தாள்.

"அந்த சன்னல சாத்துங்கப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. சாத்துவதற்கு நான் எழுவதற்குள் மறுபடியும் உறங்கிவிட்டாள்.